புல்லும் தண்ணீரும்: பாக்கு நீரிணையின் இரு குதிரைக் கூட்டங்கள்

காட்டுக்குதிரைகளைப் பற்றித் தமிழில் ஒரு மின்னிதழ் தொடங்க வேண்டும் என்ற பேச்சு, கெலாங் பாத்தாவில் எங்கள் நண்பர் வட்டத்தில் சில காலமாக நடந்துவருகிறது. ஜொகூரின் தென்மேற்கு மூலையில், துறைமுகமும் சதுப்புக்காடும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் இந்த ஊரில் காட்டுக்குதிரை ஒன்றுகூடக் கிடையாது. மலேசியாவில் குதிரைக்குப் பெயர்போன இடம் சபாவின் கோத்தா பெலுட். அங்கே பஜாவ் மக்களிடம் இருப்பவை வீட்டில் வளர்ந்தவை, சேணம் கண்டவை. ஆனாலும் இந்த இதழ் இங்கிருந்து வெளிவருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பூர்விகத்தைத் தேடிப் போனால் பல நேரம் இரண்டு கரைகளில் ஒன்றில் போய் நிற்போம். நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. தமிழர் வாழும் நிலத்தில் காட்டுக்குதிரைக்கு நன்கு பெயர்பெற்ற இரண்டு இடங்களும் அதே இரண்டு கரைகளில் அமைந்துவிட்டன. ஒன்று நாகை மாவட்டத்துக் கோடியக்கரை. மற்றது யாழ்ப்பாண மாவட்டத்து நெடுந்தீவு.

முதல் இதழில் இரண்டையும் சேர்த்துப் போடலாம், அட்டையில் ஒரே வேண்டுகோளை வைக்கலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றிய யோசனை. குதிரை அழகானது, ஆபத்தில் இருக்கிறது, காப்பாற்றுவோம். இவ்வளவு போதாதா? போதாது என்று எனக்குப் படுகிறது. இரண்டு கூட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் காரணம் விளங்கும். வாசகரும் என்னோடு சேர்ந்து எடைபோட்டுப் பார்க்கட்டும்.

ஒற்றுமையிலிருந்து தொடங்கலாம், அதுதான் வியப்பு அதிகம் உள்ள பக்கம். வரைபடத்தில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் இருப்பது பாக்கு நீரிணை மட்டும். இரண்டுக்கும் மழை தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துக்கொண்டு அடுத்த புரட்டாசி வரை தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டிலும் நல்ல தண்ணீர் என்பது மழை நிலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான். கோடியக்கரையில் அதை மணல்மேடு தாங்குகிறது, நெடுந்தீவில் சுண்ணாம்புப் பாறை தாங்குகிறது. பாதுகாக்கப்பட்ட நிலத்தின் அளவும் ஏறக்குறைய ஒன்று: கோடியக்கரைச் சரணாலயம் 21.47 சதுர கிலோமீட்டர், நெடுந்தீவுத் தேசியப் பூங்கா 18.46 சதுர கிலோமீட்டர். யாரும் திட்டமிட்டுப் பொருத்திய கணக்கன்று இது. இருந்தும் இவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது.

பிறப்பிலும் ஒற்றுமை உண்டு. உயிரியல் கணக்கில் பார்த்தால் இரண்டு கூட்டங்களுமே கலப்பற்ற காட்டு விலங்குகள் அல்ல. மனிதன் பழக்கிய மட்டக்குதிரைகள் கைவிடப்பட்டு, தலைமுறை தலைமுறையாகத் தாமாகவே பெருகியவை. இதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. மங்கோலியப் புல்வெளியில் 1992 முதல் மீண்டும் விடப்பட்டுவரும் ப்ரெவால்ஸ்கிக் குதிரைதான் உலகில் எஞ்சிய ஒரே உண்மையான காட்டுக்குதிரை என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2018இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அதுகூட ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கஜகஸ்தானின் போட்டாய் மக்கள் வைத்திருந்த குதிரைகளின் வழிவந்தது என்று காட்டியது. போட்டாய்க் குதிரைகள் உண்மையிலேயே பழக்கப்பட்டவையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இந்தச் சர்ச்சையில் ப்ரெவால்ஸ்கியே சிக்கியிருக்கும்போது, கோடியக்கரையையும் நெடுந்தீவையும் வம்சாவளி கேட்டுத் துன்புறுத்துவதில் பொருளில்லை. ஓர் ஆண்குதிரை, அதைச் சுற்றிச் சில பெட்டைகள், குட்டிகள். கூட்டத்தில் இடம் கிடைக்காத இளம் ஆண்குதிரைகள் தனிக் குழுவாகத் தள்ளி மேய்தல்: உலகெங்கும் காட்டில் திரியும் குதிரைகளின் குடும்ப ஒழுங்கு இதுதான். லாயம் மறந்த சில தலைமுறைகளுக்குள் குதிரைகள் இதற்குத் திரும்பிவிடுகின்றன.

இந்த இடத்தில் வரலாறு ஒரு விசித்திரத்தை எடுத்து நீட்டுகிறது. தமிழ் மண் குதிரைக்கு ஒத்துவராத மண் என்பது பழைய முடிவு. புகார்த் துறைமுகத்தில் கடல்வழி வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும் விலைக்கு இறக்குமதியானதையும், அவற்றில் பெரும்பகுதி சரியான பராமரிப்பின்றி விரைவிலேயே மாண்டதையும் எழுதிவைத்தார். நல்ல ஆண்குதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணிப் பயனற்றதாகிறது என்றும் அவர் குறிப்பிடுகிறார். அரசர்கள் கருவூலத்தைத் திறந்து பராமரித்த குதிரைகள் நிலைக்கவில்லை. யாரும் பராமரிக்காத மட்டக்குதிரைகள், அதே கடற்கரையின் இரண்டு வறண்ட முனைகளில் நிலைத்துவிட்டன. இறக்குமதியான அரபுக் குதிரைகளும் இந்த மட்டக்குதிரைகளும் வேறு வேறு வார்ப்பு என்பது உண்மை. சிறிய உடம்புக்குத் தேவையும் சிறிது. ஆனாலும் மார்க்கோ போலோவின் அந்தப் பக்கத்துக்கு எதிர்ச்சாட்சியாக இரண்டு கூட்டங்கள் உயிரோடு நிற்பதை எங்கள் மின்னிதழ் சொல்லாமல் விடக்கூடாது.

வரலாறு விட்டுச்சென்ற தடயத்தில் இரண்டும் பிரிகின்றன. நெடுந்தீவுக் குதிரைகளுக்குச் சான்று கல்லில் இருக்கிறது. போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி தீவை நிர்வகித்துக்கொண்டே குதிரை வளர்ப்பையும் நடத்தினார். குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. படகில் குறிகட்டுவானிலிருந்து வருபவர்கள் ஒல்லாந்தர் கோட்டையையும் பெருக்க மரத்தையும் பார்த்த கையோடு அந்தத் தூண்களையும் பார்த்துவிட்டு, பிறகுதான் வெளியில் மேயும் கூட்டத்தைத் தேடிப் போகிறார்கள். கோடியக்கரைக்கு அப்படியொரு தூண் இல்லை. சுற்றுவட்டார ஊர்களில் வளர்ந்து கைவிடப்பட்ட மட்டக்குதிரைகளின் வழிவந்தவை என்பதே அங்கே பொதுவாகச் சொல்லப்படுவது. அந்த ஊரின் பழம்பெருமை முழுவதும் குழகர் கோயிலுக்கும், 2004 ஆழிப்பேரலையில் இடிந்துபோன சோழர் காலக் கலங்கரை விளக்கத்துக்கும் போய்விட்டது. குதிரைக்குப் பங்கு கிடைக்கவில்லை.

இந்தத் தடயம் சட்டத்தில் வந்து எதிரொலிப்பதுதான் கவனிக்க வேண்டியது. கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது வெளிமானுக்காக. வெளிமான் இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டு விலங்கின் வழிவந்த குதிரை எந்த அட்டவணையிலும் இல்லை. சரணாலய வேலிக்குள் இருப்பதால் அதை யாரும் தொடமாட்டார்கள், ஆனால் அந்த வேலி எழுப்பப்பட்டது அதற்காக இல்லை. நெடுந்தீவிலோ 2015 ஜூன் மாதம் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தீவுக்கு வெளியே பேசப்பட்டது பெரும்பாலும் குதிரைகளைப் பற்றித்தான். அங்கே குதிரை பூங்காவின் முகம். ஒரே விலங்கு, ஏறக்குறைய ஒரே பரப்பு. ஒரு வேலிக்குள் அது விருந்தாளி, மற்ற வேலிக்குள் வீட்டுக்காரர்.

இதுவரை மனிதர்கள் எழுதிவைத்தவற்றைப் பார்த்தோம். இனிக் குதிரையின் வயிற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு இடங்களின் பிரச்சினையும் அங்கேதான் பிறக்கிறது.

குதிரை அசைபோடும் விலங்கன்று. மானும் மாடும் தின்றதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அரைத்துச் சத்தைப் பிழிந்தெடுக்கின்றன. குதிரைக்கு அந்த வசதி கிடையாது. புல் அதன் குடலில் விரைவாகக் கடந்து, பின்குடலில்தான் நொதிக்கிறது. தரத்தில் இழப்பதை அளவில் ஈடுகட்டியாக வேண்டும். அதனால் நாளின் பெரும்பகுதியும் மேய்ந்துகொண்டே இருக்கிறது. மானுக்கும் மாட்டுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு. எனவே தரையோடு தரையாகக் கத்தரித்துத் தின்ன அதனால் முடியும். முரட்டுப் புல்லிலும் உயிர்வாழும் திறம் இந்த உடலமைப்பின் வரம். அதிகம் தின்றாக வேண்டும், நாள்தோறும் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பவை அதற்குக் கொடுக்கும் விலை.

கோடியக்கரையில் இந்த வரம்தான் சிக்கலாகிறது. வெளிமானுக்கு வேண்டியது திறந்த வெளியும் குட்டையான இளம்புல்லும். வளர்ந்த வெளிமான் சுமார் முப்பது, நாற்பது கிலோ இருக்கும். மட்டக்குதிரை அதைப்போல் ஐந்தாறு மடங்கு. கோடையில் இருவருக்கும் ஒரே புல் மிஞ்சும்போது, தரையோடு கத்தரிக்கும் வாய் யாருடையதோ அவர் பசியாறுவார். இதோடு சீமைக்கருவேலமும் சேர்ந்துகொள்கிறது. புல்வெளிக்குள் அது புகப் புக மானுக்கு ஓடவும் பார்க்கவும் இடம் குறைகிறது. அதன் இனிப்பான காயைக் கால்நடைகளும் குதிரைகளும் விரும்பித் தின்கின்றன. விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியேறி, உரமிட்ட நாற்றாகவே முளைக்கிறது. மானின் புல்லைத் தின்னும் குதிரையே, மீதிப் புல்வெளியை மூடும் மரத்தையும் அறியாமல் நட்டுவிடுகிறது. வெளிமானை ஆராயும் அறிஞர்கள் குதிரைக் கூட்டத்தைக் கவலையோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

நடுநிலைக்காக ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய மேய்ச்சல் விலங்கு எப்போதும் சிறியதற்குப் பகையாவதில்லை. உயர்ந்து முற்றிய புல்லை அது தின்று தாழ்த்தினால், அடியில் துளிர்க்கும் இளம்புல் சிறியவற்றுக்கு எட்டும். கென்யாவில் மாடுகளையும் வரிக்குதிரை முதலிய காட்டு விலங்குகளையும் வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வொன்று, வறண்ட பருவத்தில் அவை போட்டியிடுவதையும், மழைப் பருவத்தில் காட்டு விலங்குகளின் மேய்ச்சல் மாடுகளுக்கு உதவியாக அமைவதையும் காட்டியது. கோடியக்கரையிலும் கார்த்திகை மாதக் குதிரையும் வைகாசி மாதக் குதிரையும் மானுக்கு ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எத்தனை குதிரை, எந்த மாதம், எந்தத் திடலில் என்று கேட்காமல் குதிரையைக் குற்றவாளி ஆக்குவதும் தவறு, நிரபராதி ஆக்குவதும் தவறு.

நெடுந்தீவுக்கு வந்தால் புல் பின்னால் போய்விடுகிறது. அங்கே குதிரையோடு போட்டியிட அட்டவணையில் ஏறிய மான் இல்லை. ஊர்ச்சனத்தின் மாடும் ஆடும் இருக்கின்றன, கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் இருக்கின்றன, பவளக்கல்லை அடுக்கிச் சாந்தின்றிக் கட்டிய வேலிகளுக்குள் மனிதர்களின் வளவுகள் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் பங்கிட வேண்டியது தண்ணீரை. பெரும்பாலான கிணறுகள் உவர். அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல கிணறும் உவராகும், ஏனென்றால் மேலே மிதக்கும் படலம் மெலிந்ததும் கீழிருக்கும் உப்பு ஏறிவிடும். ஒரு மட்டக்குதிரைக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு இருபது லிட்டர் அளவு வேண்டும். சில நூறு குதிரைகள் என்றால் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளலாம். வறட்சி ஆண்டுகளில் குளங்களும் கேணிகளும் வற்றிக் குதிரைகள் மடிந்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் கட்டற்றுத் திரியும் குதிரைகளும் கழுதைகளும் மணலைத் தோண்டித் தாமே கிணறு வெட்டுவதை, அந்தக் கிணறுகளில் மற்ற விலங்குகளும் வந்து குடிப்பதை 2021இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. நெடுந்தீவுக் குதிரைக்கு அந்த வழியும் அடைத்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறையைக் குளம்பால் தோண்ட முடியாது.

ஒப்பீட்டின் மிக எதிர்பாராத முடிச்சு இதுதான். குதிரையை யாரும் கேட்டுக்கொள்ளாத கோடியக்கரையில், கோடையில் மானுக்காக வனத்துறை நிரப்பும் தொட்டிகள் குதிரையின் தாகத்தையும் தணிக்கக்கூடும். குதிரையைப் பெருமையாகக் காட்டும் நெடுந்தீவில், அது தாகத்தால் சாகிறது. சட்டத்தில் இடமற்றதற்குத் தண்ணீருக்கு வழியுண்டு. சட்டத்தில் இடம் பெற்றதற்குத் தண்ணீர் இல்லை. செய்தி ஊடகத்திலும் இதே குறுக்குமறுக்குத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யக் கரையைக் கடந்த பிறகு கோடியக்கரையின் விலங்குகள் சில நாள் எல்லோர் கண்ணிலும் பட்டன. வறட்சி முற்றும்போது நெடுந்தீவுக் குதிரைகள் சில நாள் படுகின்றன. இடைப்பட்ட மாதங்கள் இருவருக்கும் இருட்டு. எங்கள் மின்னிதழ் எதற்கு என்று யாராவது கேட்டால், அந்த இடைப்பட்ட மாதங்களுக்கு என்பேன்.

விழிப்புணர்வு என்ற சொல்லை இவ்வளவு நேரம் தள்ளிவைத்திருந்தேன். குதிரைக்காக எழுப்பிய விழிப்புணர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகில் முன்மாதிரிகள் உண்டு. நெவாடாவில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி, 1950இல் குதிரைகளை இறைச்சிக்கு ஏற்றிச்சென்ற வண்டியிலிருந்து இரத்தம் ஒழுகுவதைக் கண்டு கிளர்ந்தெழுந்தார். அவர் திரட்டிய பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள் வாஷிங்டனில் குவிந்தன. 1959இல் ஒரு சட்டம், 1971இல் அதைவிட வலுவான ஒரு சட்டம். எழுத்து வென்ற கதைகளில் இது முதல் வரிசையில் வைக்கத் தக்கது. அதன் பின்கதையும் உண்டு. கொல்லக் கூடாது என்றான பிறகு கூட்டங்கள் நிலம் தாங்கும் அளவை மீறிப் பெருகின. பிடித்து அடைக்கப்பட்டு, அரசின் தொழுவங்களிலும் குத்தகை மேய்ச்சல் நிலங்களிலும் அண்மை ஆண்டுகளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் காலம் கழிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கொசியஸ்கோ தேசியப் பூங்காவும் அதே சிக்கலில் விழுந்தது: 2018இல் குதிரைகளைப் பாரம்பரியம் என்று காத்த சட்டம் வந்தது, மலைச் சதுப்புகள் மிதிபட்டுச் சிதைந்தன, 2023இல் வானிலிருந்து சுடுவதற்கு அனுமதி வந்தது. இந்தத் துப்பாக்கிச்சூட்டுக்குக் குதிரைமேல் வைத்த பாசமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். எண்ணிக்கை குறைவாக இருந்தபோது மென்மையான வழிகளைப் பேசவே அது இடம் தரவில்லை.

இந்த இரண்டைவிட நமக்கு நெருக்கமான பாடம் அசடீக் தீவில் இருக்கிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் அந்த நீண்ட மணல்தீவை மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்கள் பகிர்கின்றன. எல்லையில் ஒரு வேலி. வேலிக்கு வடக்கே தேசியப் பூங்காத் துறை, 1994இல் தொடங்கிப் பெட்டைக் குதிரைகளுக்குக் கருத்தடைத் தடுப்பூசியை ஊசித் துப்பாக்கியால் செலுத்திக் கூட்டத்தை அளவுக்குள் கொண்டுவந்தது. வேலிக்குத் தெற்கே சின்கோட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழு கூட்டத்துக்கு உரிமை பூண்டு, ஆண்டுதோறும் ஜூலையில் குதிரைகளைக் கால்வாயை நீந்திக் கடக்கவைத்து, குட்டிகளை ஏலம் விடுகிறது. ஒரே தீவு, ஒரே இரத்தம், இரண்டு முறைகள். இரண்டுமே நடக்கின்றன. இரண்டிலும் குதிரைக்கு ஒரு பொறுப்பாளி இருப்பதுதான் அதற்குக் காரணம். பாக்கு நீரிணையை அந்த வேலியின் இடத்தில் வைத்துப் பார்த்தால் நமது குறை தெரியும். கோடியக்கரையில் குதிரைக்குப் பொறுப்பாளி இல்லை, இருப்பவர் மானுக்குப் பொறுப்பாளி. நெடுந்தீவில் பூங்காவுக்குப் பொறுப்பாளி இருக்கிறார், கேணிக்கு இல்லை.

இதழ் நடத்தும் முறைக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே வழிகாட்டி இருக்கிறது. பூலாய் ஆற்று முகத்துவாரத்தின் அலையாத்திக்காடு 2003இல் சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. கடலோரமாக மெராம்போங் திட்டில் மலேசியாவின் பெரிய கடற்புல் படுகைகளில் ஒன்று விரிந்திருக்கிறது. அங்கே வாழ்பவை கடற்குதிரைகள். 2000களின் நடுப்பகுதியில் தொடங்கிய கடற்குதிரைப் பாதுகாப்புத் திட்டம், தன்னார்வலர்களைக் கடல் வற்றும் நேரத்தில் திட்டுக்கு அழைத்துப்போய், ஒவ்வொன்றையும் தேடிக் கணக்கெடுக்கவைத்தது. 2008 முதல் தஞ்சோங் குப்பாங் கிராமங்களின் பிள்ளைகளைச் சேர்த்து இயங்கும் கெலாப் அலாமி என்ற குழு, அந்தப் பிள்ளைகளையே திட்டின் வழிகாட்டிகளாகவும் பதிவாளர்களாகவும் வளர்த்தது. 2014இல் கடலைத் தூர்த்து நகரம் எழுப்பும் பணி கடற்புல் மேலேயே ஏறியபோது, அந்த இடத்தில் என்ன இருந்தது என்று சொல்ல ஆளும் பதிவும் இருந்தன. கடற்குதிரையைப் பார்க்க வந்தவர்கள் கடற்புல்லைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். கடற்குதிரை வாசல், உள்ளே இருந்தது புல்.

கோடியக்கரையிலும் நெடுந்தீவிலும் குதிரை இதே வேலையைச் செய்ய முடியும் என்பதுதான் என் வாதம். ஆனால் இரண்டு வாசல்களும் இரண்டு வேறு அறைகளுக்குத் திறப்பவை. நெடுந்தீவுக் குதிரையின் படத்தைப் பார்த்து நின்ற வாசகரைத் தீவின் தண்ணீருக்குக் கூட்டிப்போக வேண்டும்: எந்தக் கேணி எந்த மாதத்தில் வற்றுகிறது, எந்தக் கிணறு உவராகிவிட்டது, மக்களுக்கே நல்ல தண்ணீர் எட்டாத கிராமம் எது. அங்கே குதிரையின் தாகத்தைத் தீர்க்கும் எந்த ஏற்பாடும் மனிதரின் தாகத்தை ஒதுக்கிவிட்டு நடக்காது, நடக்கவும் கூடாது. கோடியக்கரைக் குதிரையின் படத்தைப் பார்த்து நின்ற வாசகரைப் புல்வெளிக்குக் கூட்டிப்போக வேண்டும்: வெளிமானுக்கு, சீமைக்கருவேலத்துக்கு, எத்தனை குதிரையை இந்த நிலம் தாங்கும் என்ற கேள்விக்கு. முதலாவதில் இதழ் குதிரைக்காகக் கேட்கும். இரண்டாவதில் குதிரையை நேசிக்கும் வாசகரிடமே, கூட்டம் பெருகாமல் தடுக்கும் கருத்தடையை ஆதரிக்கும்படி கேட்கும். சிலருக்கு இது கசக்கும். குதிரைக்காகத் தொடங்கிய இதழ் குதிரைக்கு எதிராகப் பேசுகிறதா என்பார்கள். நெவாடாவின் தொழுவங்களையும் கொசியஸ்கோவின் துப்பாக்கிகளையும் பார்த்த பிறகு, சின்னக் கூட்டமாக இருக்கும்போதே அளவு பேசுவதைவிடக் குதிரைக்குச் செய்யும் பெரிய உதவி எனக்குத் தெரியவில்லை.

இதழின் உருவத்தைப் பற்றி ஓரிரு வார்த்தைகள். மின்னிதழாக இருப்பதன் நன்மை செலவுக் குறைவு மட்டுமன்று. அச்சிதழில் ஒரு குதிரையின் படம் ஒருமுறை வந்து போகும். மின்னிதழில் அதே குதிரையின் படத்தை, நெற்றிச் சுட்டியையும் கால் வெள்ளையையும் வைத்து அடையாளம் கண்டு, மாதம்தோறும் சேர்த்துக்கொண்டே போகலாம். சேரச் சேர அதுவே ஒரு கணக்கெடுப்பாகும். நீரிணையின் இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே முறையில் எடுத்த கணக்கு இருந்தால், ஒரே மழை தவறிய ஆண்டில் புல்லுக்கு ஏங்கிய கூட்டத்துக்கும் தண்ணீருக்கு ஏங்கிய கூட்டத்துக்கும் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அழகான புகைப்படத்துக்காகக் கூட்டத்தை விரட்டுவதும் ரொட்டியைக் காட்டி அருகே அழைப்பதும் எங்கள் இதழில் இடம்பெறாது. கையிலிருந்து தின்னப் பழகிய குதிரை சாலைக்கு வரும், சாலைக்கு வந்தது அடிபடும்.

ஆகவே முதல் இதழில் இரண்டும் வரட்டும். இரண்டு அட்டையோடு, இரண்டு வேண்டுகோளோடு வரட்டும். அண்ணன் தம்பியைப்போல ஒன்றுக்கொன்று முகச்சாயல் கொண்ட இரண்டு கூட்டங்களுக்கும் ஒரே மருந்தை எழுதுவது, இரண்டையும் உற்றுப் பார்க்காதவர் செய்யும் வேலை.

நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியது; இடையில் நின்றும் ஓடியும் வருகிறது. பூர்விக ஊரைப் பார்க்கப் புறப்படும் ஜொகூர்க் குடும்பங்கள் இப்போது ஒரே பயணத்தில் இரண்டு கரைகளையும் தொடலாம். வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரைக்கும் குறிகட்டுவான் வழியாக நெடுந்தீவுக்கும் போகிறவர்கள், தள்ளி நின்று படமெடுங்கள். நாளையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையில் புல் எவ்வளவு உயரம் நின்றது, நெடுந்தீவில் எந்தக் கேணியில் தண்ணீர் கிடந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். முதல் இதழுக்கு எங்களுக்கு முதலில் வேண்டியவை அந்தக் குறிப்புகள்தாம்.